சிறப்பாசிரியர்களின் மார்ச் மாதம்

நிதியாண்டு மார்ச் 31ஆம் தேதி முடிகிறது. நாட்டின் பல மாநிலங்களில் கல்வியாண்டும் அதை ஒட்டியே முடிவுக்கு வருகிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களில் பெரும் பகுதியினருக்கு இவ்விரண்டுடன் மூன்றாவதாக ஒன்றும் முடிகிறது. அது அவர்களின் வேலை ஒப்பந்தம். பதினொரு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ போடப்பட்ட அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா, எப்போது புதுப்பிக்கப்படும், இடைப்பட்ட நாட்களுக்கு ஊதியம் உண்டா என்று தெரியாத நிலையில்தான் ஆண்டின் மிகக் கடினமான வேலையை அவர்கள் செய்து முடிக்க வேண்டியுள்ளது. இந்த மாதங்களில் அவர்களை அழுத்தும் மன உளைச்சலைப் பற்றி அண்மைக் காலமாகப் பலரும் பேசத் தொடங்கியுள்ளனர். அது வரவேற்கத்தக்கதே. ஆயினும், உளைச்சல் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, அதைத் தாங்கிக்கொள்ளும் வழிகளை மட்டும் கற்பிப்பது ஆசிரியருக்கும் உதவாது, குழந்தைக்கும் உதவாது.

குவியும் வேலை

ஆண்டிறுதியில் ஒரு சிறப்பாசிரியரின் மேசையில் என்னென்ன வந்து சேர்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டின் தொடக்கத்தில் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று எழுதப்படுகிறது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வது, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவது, பத்துப் பொருள்களை எண்ணி எடுப்பது, பிரெய்லில் ஒரு பத்தியைப் படிப்பது என்று இலக்குகள் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். ஆண்டு முடிவில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எது கைகூடியது, எது கைகூடவில்லை, அடுத்த ஆண்டு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று பெற்றோருடன் அமர்ந்து பேசி எழுத வேண்டும். முப்பது குழந்தைகள் இருந்தால் முப்பது திட்டங்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுத இயலாது.

தேர்வுகளும் அதே வாரங்களில்தான் வருகின்றன. ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை 2018இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, தகுதியுள்ள மாணவருக்கு ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரப்பட வேண்டும். தேவைப்படுவோருக்குச் சொல்வதை எழுதுபவர் அமர்த்தப்பட வேண்டும். ஏட்டில் இருக்கும் இந்த உரிமை தேர்வு அறைக்குள் வந்து சேர்வதற்கு மருத்துவச் சான்று, விண்ணப்பம், தலைமையாசிரியரின் கையொப்பம், தேர்வு மையத்தின் ஒப்புதல் என்று பல படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் அலைவது பெரும்பாலும் சிறப்பாசிரியரே. எழுத ஒப்புக்கொண்டவர் தேர்வு நாளன்று காலையில் வர இயலாது என்று சொல்லிவிட்டால், அரை மணி நேரத்துக்குள் மாற்று ஆளைத் தேடிப் பிடிப்பதும் அவர்தான்.

இவற்றுக்கு மேல் கணக்கு முடிப்பு. மாற்றுத்திறன் மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு வழங்கப்படும் உதவித்தொகை வங்கிக் கணக்கில் சேர்ந்ததா என்று சரிபார்க்க வேண்டும். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்ற துணைக் கருவிகளைப் பெற்றவர்களின் பட்டியல், போக்குவரத்துப்படி பெற்றவர்களின் பட்டியல், மருத்துவ முகாமின் செலவுக் கணக்கு ஆகிய அனைத்தும் மார்ச் இறுதிக்குள் மேலே போய்ச் சேர வேண்டும். ஒரே குழந்தையின் விவரத்தை வெவ்வேறு இணையதளங்களில் மீண்டும் மீண்டும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குப் போய்வரும் ஆசிரியரானால், பேருந்துப் பயணத்திலேயே நாளின் ஒரு பகுதி கரைகிறது. பள்ளிக்கு வர இயலாத அளவுக்குக் கடும் குறைபாடுள்ள குழந்தைகளை வீட்டுக்குச் சென்று பார்ப்பதும் அவர் பணியே. வேலை குவியும்போது முதலில் தள்ளிப்போவது இந்த வீட்டுச் சந்திப்புதான். தள்ளிப்போனதே என்ற குற்ற உணர்வு மிஞ்சுவதும் ஆசிரியருக்குத்தான்.

குழந்தைகளின் ஆண்டிறுதி

ஆண்டிறுதி குழந்தைகளுக்கும் எளிதானதன்று. ஆட்டிசம் உள்ள குழந்தை ஒன்று, காலையில் வந்ததும் எந்த இடத்தில் உட்கார வேண்டும், அடுத்து என்ன நடக்கும் என்பது மாறாமல் இருக்கும்போதுதான் அமைதியாகக் கற்கிறது. மார்ச்சில் எல்லாம் மாறுகிறது. ஆண்டு விழா ஒத்திகையின் இரைச்சல், தேர்வுக்காக மாற்றிப் போடப்பட்ட இருக்கைகள், பழக்கமில்லாத கண்காணிப்பாளர், பாதி நாளில் முடியும் பள்ளி ஆகியவை சேர்ந்து, மாதக் கணக்கில் உழைத்து உருவாக்கிய ஒழுங்கைக் குலைத்துவிடுகின்றன. நவம்பரில் நின்றுபோன கையைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் மார்ச்சில் திரும்பி வருகிறது. ஓராண்டு உழைப்பும் வீணாயிற்றோ என்று ஆசிரியருக்குத் தோன்றும் தருணம் அது. உண்மையில் வீணானது ஏதுமில்லை. ஆனால் அதை அவரிடம் எடுத்துச் சொல்வதற்குப் பள்ளியில் அந்தத் துறை அறிந்த இன்னொருவர் இல்லை. பெரும்பாலான இடங்களில் அவர் ஒருவரே சிறப்பாசிரியர். பல பள்ளிகளுக்கும் அவர் ஒருவரே.

ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குச் செல்லும் குழந்தையை ஒப்படைப்பது இன்னொரு பெரும் பொறுப்பு. பேச்சு வராத ஒரு சிறுவன் தண்ணீர் வேண்டும் என்பதை எந்தச் சைகையால் சொல்கிறான், வலிப்பு வருவதற்கு முன் ஒரு சிறுமியின் முகத்தில் என்ன மாற்றம் தெரிகிறது, எந்த ஓசை கேட்டால் ஒருவன் வகுப்பை விட்டு ஓடுகிறான் என்பவை படிவத்தில் கேட்கப்படாத செய்திகள். அவற்றை அறிந்த ஆசிரியரும், அடுத்துப் பொறுப்பேற்கும் ஆசிரியரும் ஒரு வாரமாவது ஒரே வகுப்பில் இருந்தால்தான் அந்த அறிவு கை மாறும். ஒப்பந்தம் மார்ச் 31இல் முடிந்து, ஜூன் மாதத்தில் வேறொருவர் வந்தால், குழந்தை மீண்டும் முதலிலிருந்து தன்னைப் புரியவைக்க வேண்டியிருக்கும். ஆசிரியரின் வேலை நிச்சயமின்மைக்கான விலையின் பெரும் பங்கைக் குழந்தையே கொடுக்கிறது.

இந்தச் சூழலில் புதிய சுமை ஒன்றும் சேர்ந்துள்ளது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு கல்வி உரிமைச் சட்ட விதிகளைத் திருத்தி, 5ஆம் வகுப்பிலும் 8ஆம் வகுப்பிலும் ஆண்டுத் தேர்வில் தேறாத மாணவர்களுக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைத்து, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழி செய்தது. தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் கட்டாயத் தேர்ச்சி முறையைத் தொடர்கின்றன. ஆனால் ஒன்றிய அரசின் நிர்வாகத்திலுள்ள பள்ளிகளிலும், அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களிலும், கற்றல் குறைபாடு உரிய காலத்தில் கண்டறியப்படாத குழந்தைகள்தான் முதலில் வடிகட்டப்படும் ஆபத்தில் உள்ளனர். அவர்களைக் காப்பாற்றும் பொறுப்பும் வந்து விழுவது சிறப்பாசிரியரின் தோளில்தான்.

பயிலரங்குகளின் எல்லை

இதற்கு ஆட்சியாளர்களும் நிர்வாகங்களும் தரும் மருந்து என்ன? யோகா, மூச்சுப் பயிற்சி, நேர மேலாண்மை, நேர்மறைச் சிந்தனை பற்றிய ஒரு நாள் பயிலரங்குகள். மூச்சுப் பயிற்சியால் தீங்கு ஏதுமில்லை. உறக்கம், உணவு, மனம் விட்டுப் பேச ஒரு துணை ஆகியவை எந்த உழைப்பாளிக்கும் தேவை. தூக்கம் கெட்டு, அழுகை அடங்காமல், பள்ளி வாசலை நினைத்தாலே நெஞ்சு படபடக்கும் நிலைக்கு வந்துவிட்டவர் தயங்காமல் மருத்துவரை அணுக வேண்டும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் வேலைப் பட்டியலில் ஒரு வரியைக்கூடக் குறைக்காமல், மார்ச் மாதத்திலேயே ஒரு நாளைப் பறித்துக்கொண்டு மன அமைதி பற்றிப் பாடம் நடத்துவது, சுமையை இறக்காமல் சுமப்பவரின் முதுகைத் தட்டிக்கொடுப்பதாகும்.

உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், பணியால் மனம் சோர்ந்து ஒடுங்கும் நிலையைப் பற்றி 2019இல் தெளிவாக வரையறுத்துள்ளது. அது நோயாக வகைப்படுத்தப்படவில்லை. வேலையோடு தொடர்புடைய நிகழ்வாகவே குறிக்கப்பட்டுள்ளது. சரிவரக் கையாளப்படாமல் நீடித்த பணியிட அழுத்தமே அதன் காரணம் என்று கூறப்பட்டுள்ளது. சக்தி வற்றிப்போதல், வேலையிடமிருந்து மனம் விலகுதல், தன்னால் பயன் விளைகிறது என்ற நம்பிக்கை குறைதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். காரணம் பணியிடத்தில் இருக்கும்போது மருந்தை ஆசிரியரின் மனத்துக்குள் மட்டும் தேடுவது எப்படிப் பொருந்தும்?

சட்டமும் பணியிடமும்

மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்த்துக் கற்பிக்கும் திட்டம் இந்தியாவுக்குப் புதிதன்று. ஒன்றிய அரசு 1974ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1992இல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடுகளின் பட்டியலை 7இலிருந்து 21 ஆக விரிவாக்கியது. வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்று அச்சட்டம் கூறுகிறது. போதிய ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்தும் கடமையையும் அரசுகளின் மேல் வைக்கிறது. அரை நூற்றாண்டாகத் தொடரும் ஒரு பணி தற்காலிகப் பணியாக இருக்க முடியாது. ஆனால் அதைச் செய்பவர்கள் மட்டும் தற்காலிக ஊழியர்களாக வைக்கப்பட்டுள்ளனர். உரிமை சட்டத்தில் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்க, அதை நிறைவேற்றுபவரின் ஆணை ஆண்டுதோறும் காலாவதியாகிறது.

உச்ச நீதிமன்றம் இந்த முரண்பாட்டை இரண்டு முறை சுட்டிக்காட்டிவிட்டது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் அளித்த தீர்ப்பில், மாணவர்-ஆசிரியர் விகிதத்தை அறிவித்து நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குமாறு அது ஆணையிட்டது. அதன் பிறகு 2022 செப்டம்பரில் தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதம் அறிவிக்கப்பட்டது. பணியிடங்கள் உருவாகாததால் 2025 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. மூன்று வாரங்களுக்குள் பணியிடங்களை அறிவிக்க வேண்டும். ஏற்கெனவே ஒப்பந்தத்தில் பணியாற்றும் தகுதி பெற்ற ஆசிரியர்களை ஒரு குழுவின் மூலம் பரிசீலித்து, தகுதியுடையோருக்கு முறையான ஊதிய விகிதம் வழங்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்குப் பிறகும் தொகுப்பூதியத்திலேயே மார்ச் மாதத்தைக் கடக்கும் சிறப்பாசிரியர்கள் நாடெங்கும் உள்ளனர்.

நிதியும் அரசியலும்

ஒப்பந்த முறை தொடர்வதற்குக் காரணம் பணத்தில் இருக்கிறது. 2018-19இல் மூன்று திட்டங்களை ஒன்றாக்கி உருவாக்கப்பட்ட சமக்ர சிக்ஷா திட்டத்தில், மாற்றுத்திறன் குழந்தை ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கப்படுகிறது. மாதத்துக்கு 300 ரூபாயை எட்டாத தொகை இது. செலவை ஒன்றிய அரசும் மாநிலங்களும் பொதுவாக 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. ஆசிரியரின் ஊதியம் ஆண்டுதோறும் ஒப்புதல் பெற வேண்டிய திட்ட நிதியில் தொங்கிக்கொண்டிருப்பதால், டெல்லியில் ஒரு கோப்பு நின்றால் எங்கோ ஒரு வட்டார வள மையத்தில் ஊதியம் நிற்கிறது.

2024-25ஆம் ஆண்டில் இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்பதற்காக தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களுக்குரிய சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய பாஜக அரசு நிறுத்தி வைத்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் 2,150 கோடி ரூபாய்க்கும் மேல் வர வேண்டியிருந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ மாநிலங்களின் மீது திணிப்பதற்கான கருவியாக, மாற்றுத்திறன் குழந்தையின் இயன்முறைச் சிகிச்சையும் அதன் ஆசிரியரின் ஊதியமும் அடங்கிய நிதி பயன்படுத்தப்பட்டது. உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. அந்த இலக்கை எந்த ஒன்றிய அரசும் இதுவரை எட்டவில்லை.

சேவை என்ற சொல்

இச்சுரண்டலை மறைக்கும் அழகான திரை ஒன்று உண்டு. சிறப்பாசிரியரைப் பாராட்டும் மேடைகளில் பொறுமை, தியாகம், தாயுள்ளம், இறைப்பணி ஆகிய சொற்கள் தாராளமாக வழங்கப்படுகின்றன. இப்பணியில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் உள்ளனர். வீட்டில் ஊதியமின்றிச் செய்யும் பராமரிப்பின் தொடர்ச்சியாகவே பள்ளியில் அவர்கள் செய்யும் வேலையும் பார்க்கப்படுகிறது. உண்மையில் அது நீண்ட பயிற்சி தேவைப்படும் தொழில். பிரெய்ல், சைகை மொழி, நடத்தைப் பகுப்பாய்வு, மாற்று வழித் தகவல் தொடர்பு ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்து, மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்த்து அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கான கட்டணத்தையும் பல நேரங்களில் அவர்களே கட்டுகின்றனர். இத்தனை தகுதி கோரப்படும் தொழிலுக்கு ஊதியம் பற்றிப் பேச்செழும்போது மட்டும் அது சேவையாகிவிடுகிறது. சேவை செய்பவர் களைத்தேன் என்று சொன்னால் அது மனக்குறையாகக் கருதப்படுகிறது. எனவே பலர் சொல்வதில்லை. சொல்லாமலேயே வேலையை விட்டுப் போகின்றனர்.

செய்ய வேண்டியவை

நிரந்தரத் தீர்வு நிரந்தரப் பணியிடமே. அறிவிக்கப்பட்ட விகிதப்படி பணியிடங்கள், முறையான ஊதிய விகிதம், மகப்பேறு விடுப்பு, வைப்பு நிதி, பயணப்படி ஆகியவை உறுதி செய்யப்பட வேண்டும். உச்ச நீதிமன்றம் கூறிய பரிசீலனைக் குழு தங்கள் மாநிலத்தில் எத்தனை பேரின் விண்ணப்பங்களை முடித்துள்ளது என்ற கணக்கைச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாயிலாகவும், ஆசிரியர் இயக்கங்கள் வாயிலாகவும் அரசிடம் கேட்டுப் பெற வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் இந்த ஆண்டே கோரிப் பெறக்கூடியவையும் உள்ளன. பணி நீட்டிப்பு ஆணை பிப்ரவரி இறுதிக்குள் கைக்கு வர வேண்டும். ஓரிரு நாள் பணி முறிவு காட்டித் தொடர்ச்சியை அறுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தனிநபர் கல்வித் திட்டங்களின் மதிப்பாய்வை ஜனவரியிலேயே தொடங்கி, வாரத்துக்கு இத்தனை குழந்தைகள் என்று பிரித்துக்கொள்ள நிர்வாகம் அட்டவணை தர வேண்டும். ஒருமுறை பதிவு செய்த விவரத்தை எல்லாத் தளங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளி மாறும் குழந்தைகளுக்காக இரு பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்திருக்கும் ஒப்படைப்பு நாட்களைப் பணி நாட்களாகவே கணக்கிட வேண்டும். இவற்றில் பலவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. கேட்பதற்கு ஓர் அமைப்பு தேவை.

தனித்து நிற்பதுதான் சிறப்பாசிரியரின் மிகப் பெரிய துன்பம் என்பதால், அத்தனிமையை உடைப்பதே தாங்கும் வழிகளில் முதன்மையானது. ஒரு வட்டாரத்தின் ஐந்தாறு சிறப்பாசிரியர்கள் வாரத்துக்கு ஒரு மாலை கூடி, பதிவேட்டு வேலையைப் பகிர்ந்து முடிக்கலாம். கடினமான குழந்தை ஒன்றைப் பற்றிக் கலந்து பேசலாம். ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் குழந்தைகள் எங்கிருந்தார்கள், இன்று எங்கே வந்திருக்கிறார்கள் என்பதை எழுதி ஒருவருக்கொருவர் காட்டலாம். தன் உழைப்பின் பயனைத் தானே பார்க்க முடியாத அளவுக்குக் களைத்தவருக்கு, அதே தொழிலில் இருக்கும் இன்னொருவரின் கண் உதவும். இத்தகைய கூடல்களிலிருந்துதான் சங்கத்தின் கிளைகளும் முளைக்கின்றன.

கட்சி உறுப்பினர்களுக்கு இதில் நேரடியான பங்கு உண்டு. பொது வகுப்பு ஆசிரியராகப் பணியாற்றும் தோழர்கள், மாற்றுத்திறன் குழந்தையைச் சிறப்பாசிரியரின் பொறுப்பு என்று ஒதுக்கிவிடாமல், தேர்வுச் சலுகை விண்ணப்பம் முதல் இருக்கை ஏற்பாடு வரை தாங்களும் ஏற்க வேண்டும். நிரந்தர ஆசிரியர் சங்கங்கள் ஒப்பந்தச் சிறப்பாசிரியர்களைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியில் வைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். உள்ளாட்சிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழுக்களிலும் உள்ளவர்கள், தங்கள் பகுதியில் எத்தனை மாற்றுத்திறன் குழந்தைகள் உள்ளனர், எத்தனை சிறப்பாசிரியர்கள் உள்ளனர் என்ற எளிய கணக்கை எடுத்து ஊர் அறியச் செய்ய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் பதிவாயினர். சட்டம் ஏற்கும் குறைபாடுகள் அதன் பிறகு கூடியுள்ளதால், கள அளவிலான கணக்கு இன்று மேலும் இன்றியமையாதது. பெற்றோரையும், மாற்றுத்திறனாளி அமைப்புகளையும், ஆசிரியர் சங்கங்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவருவது இடதுசாரி இயக்கம் இயல்பாகச் செய்யக்கூடிய பணி. ஆசிரியரின் கோரிக்கையும் குழந்தையின் உரிமையும் எதிரெதிரானவை என்று காட்ட முயலும் நிர்வாகங்களுக்கு அந்த ஒற்றுமையே தக்க பதிலாகும்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் ஒவ்வொரு மாற்றுத்திறன் குழந்தையும் தன்னை அறிந்த ஆசிரியரை வகுப்பில் காண வேண்டும். அதற்கான ஆணை மார்ச் மாதத்துக்குள் கையெழுத்தாக வேண்டும். அதற்கான இயக்கம் இப்போதே தொடங்க வேண்டும்.